விளையாட்டு ஆய்வு வட்டத்தில் ஆள் குறைவது பற்றி
வணக்கம். தர்மபுரியில் உங்கள் கல்லூரியில் தொடங்கிய விளையாட்டு ஆய்வு வட்டத்துக்கு (விளையாட்டுகளின் விதிகள் எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் குழு) முதல் வாரம் 40 பேர் வந்து, மூன்றாம் வாரம் 5 பேரே மிஞ்சியதாக எழுதியிருந்தீர்கள். மாலை 5 மணிக்குக் கூட்டம் வைத்தால், அரூர், பென்னாகரம் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எப்படித் தங்குவார்கள்? மதிய இடைவேளைக்கு மாற்றிவிடுங்கள்.

கட்டுரை வாசிப்பில் தொடங்காமல், தரையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் வரைந்து, 3 புலிகளுக்குக் கூழாங்கல்லும் 15 ஆடுகளுக்குப் புளியங்கொட்டையும் கொடுத்து ஆடவிட்ட பிறகு, எண்ணிக்கையில் சமமில்லாத இரு தரப்புக்கும் வெல்லும் வாய்ப்பை விதிகள் எவ்வாறு உண்டாக்குகின்றன என்று கேளுங்கள். ஆடுகள் அனைத்தையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்ற விதியை மட்டும் நீக்கி மறுபடி ஆடச் சொன்னால், விவாதம் தானாகவே சூடுபிடிக்கும் (ஐயம் வந்தால் வீட்டுப் பாட்டிமாரே நல்ல நடுவர்கள்). கைபேசி விளையாட்டுகளை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.