56கே மோடம் வாங்கலாமா?

கேள்வி (மார்ச் 1998): அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறேன். வளாகத்துக்கு வெளியே நான்கு பேராக ஓர் அபார்ட்மென்டில் இருக்கிறோம். வீட்டில் உள்ள பென்டியம் கணினியை (விண்டோஸ் 95) போன் வழியாகப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இணைக்க மோடம் தேவை. மெயில் பார்க்கவும், லேபிலுள்ள யூனிக்ஸ் கணினியில் வேலை செய்யவும்தான். கடையில் எக்ஸ்2 வகை 56கே மோடம்தான் (நொடிக்கு 56 கிலோபிட் வேகம்) நல்லது என்கிறார்கள். 33.6 கிலோபிட் மோடம் விலை குறைவு. எதை வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போகும் முன் உங்கள் கணினி மையத்துக்குப் போன் போடுங்கள். அவர்களுடைய டயல்-அப் எண்ணில் மறுமுனையில் இருப்பது எக்ஸ்2-வா, கே56ஃப்ளெக்ஸா, இரண்டும் இல்லையா என்று கேளுங்கள். 56கே-யில் இவை இரண்டு வகை: எக்ஸ்2 யூ.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது, கே56ஃப்ளெக்ஸ் ராக்வெல், லூசென்ட் பக்கத்தது. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. மாற்றி வாங்கினால் 33.6-க்கு இறங்கித்தான் பேசும். அங்கே இருப்பவை சாதாரண போன் லைனில் மாட்டிய பழைய மோடங்கள் என்றால், எந்த 56கே வாங்கினாலும் அந்த வேகம் வரவே வராது. மறுமுனை டிஜிட்டல் லைனில் இருந்தாக வேண்டும். இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

எல்லாம் பொருந்தினாலும் முழு 56 கிடைக்காது. அமெரிக்க விதிப்படி சுமார் 53-தான் உச்சம், அதுவும் உங்கள் பக்கம் வரும் தகவலுக்கு மட்டும். நீங்கள் அனுப்புவது பழைய வேகத்தில்தான் போகும். ஒரு மெகாபைட் கோப்பை இறக்க 33.6-ல் நாலு, நாலரை நிமிடம் ஆகும். லேப் கணினியில் இங்கிருந்தே வேலை செய்ய உதவும் டெல்நெட்டுக்கும் மெயிலுக்கும் அது தாராளம்.

கடந்த மாதம்தான், இந்த இரண்டு வகைக்கும் பதிலாக வி.90 என்ற பொதுத் தரத்துக்கு, தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐ.டி.யு.வில் உடன்பாடு வந்திருக்கிறது. அதனால் இப்போது 33.6 வாங்குங்கள். 56கே-தான் வேண்டும் என்றால், வி.90-க்கு இலவசமாக மாற்றித் தருவோம் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பதைப் பாருங்கள்.

வின்மோடம் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். மோடம் செய்ய வேண்டிய வேலையை அது பென்டியத்தின் தலையில் கட்டிவிடும். நாளைக்கு லினக்ஸ் போட்டால் வேலையும் செய்யாது.

அப்புறம், கால் வெயிட்டிங் இருந்தால் விண்டோஸின் டயலிங் ப்ராபர்ட்டீஸில் *70 போட்டு நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் யாராவது கூப்பிடும்போது இணைப்பு அறுந்துவிடும். ஒருவர் நெட்டில் இருக்கும்வரை ஊரிலிருந்து வரும் போனுக்கு பிஸி டோன்தான் கேட்கும். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று நான்கு பேரும் வீட்டுக்குச் சொல்லி வையுங்கள்.