எடுத்து வைத்தீர்கள், திருப்பிப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,
எங்கள் கம்பெனியின் பில்லிங் டேட்டா 40 ஜிபி. பழைய மென்பொருளை மாற்றுகிறோம். போஸ்ட்கிரெஸ், மைசீக்வல், ஆரக்கிள் என்ற மூன்று டேட்டாபேஸ் மென்பொருள்களில் எதை எடுக்கலாம்? கிளவுடுக்குப் போனால் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள என்னைப் போல் தனியாக ஒரு டிபிஏ எதற்கு என்கிறார் முதலாளி. பேக்கப் தினமும் இரவு 1 மணிக்குத் தானாக ஓடுகிறது, அதில் கவலை இல்லை. என் வேலை நிலைக்குமா?

அன்புள்ள நண்பருக்கு,
போஸ்ட்கிரெஸ் எடுங்கள். 40 ஜிபிக்கு ஆரக்கிள் லைசென்ஸ் வீண் செலவு. உங்கள் ஆட்களுக்கு மைசீக்வல்தான் பழக்கம் என்றால் அதுவும் சரிதான். மைசீக்வலில் கேரக்டர் செட்டை, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறையை மட்டும் யுடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். அங்கே பழைய யுடிஎஃப்8-இல் தமிழ் நிற்கும், எமோஜி நிற்காது.

'அதில் கவலை இல்லை' என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திருப்பி ஏற்றி, அதாவது ரீஸ்டோர் செய்து கடைசியாகப் பார்த்தது எப்போது? கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2017 ஜனவரி 31. மென்பொருள் கோட் சேமிக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் ரெப்ளிகா (நகல் சர்வர்) என்று நினைத்து பிரைமரியின் (மூல சர்வரின்) டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரிப்பதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. டம்ப், அதாவது டேட்டாபேஸிலிருந்து எடுத்த பேக்கப் கோப்பு, இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவியோ பழைய 9.2. ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மெயிலும், அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் முறைப்படி கையொப்பம் இல்லாததால் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) காப்பாற்றியது. இத்தனையையும் அவர்களே வெளியே சொன்னார்கள், அதற்கு ஒரு கும்பிடு.

ரெப்ளிகா இருக்கிறதே என்பீர்கள். தப்பான டெலீட் அங்கும் நொடியில் போய்விடும், ஐயா!

மாதம் ஒருமுறை காலி மெஷினில் ரீஸ்டோர் செய்யுங்கள். முதல் தடவை 'ரோல் இல்லை', அதாவது யூசர் இல்லை என்று பிழை கொட்டும். போஸ்ட்கிரெஸின் டம்ப் கருவியான பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸைத்தான் எடுக்கும், யூசர்களை எடுக்காது. அதற்கு பிஜி டம்ப்ஆல், குளோபல்ஸ் ஒன்லி என்று தனியாக ஓட்ட வேண்டும். டம்ப்பைக் கஸ்டம் ஃபார்மட்டில் எடுங்கள். அதைத் திருப்பி ஏற்றும் பிஜி ரீஸ்டோர் கருவியில் ஜே 4 என்று கொடுத்தால் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். வெறும் எஸ்கியூஎல் கோப்பை அது தொடாது. முடிந்ததும் கடைசி பில் நம்பரையும் முந்தின நாள் விற்பனைக் கூட்டுத்தொகையையும் ஒத்துப் பாருங்கள். பிழை வரவில்லை என்பதால் டேட்டா வந்துவிட்டது என்று ஆகாது.

இன்னொன்று. இரவு 1 மணிக்கு பேக்கப் எடுத்து, மாலை 5 மணிக்கு டிஸ்க் போனால் 16 மணி நேர பில் அம்போ. பேஸ் பேக்கப்போடு (சர்வரின் முழு நகல்) வால் ஆர்க்கைவும், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் குறிக்கும் வால் (WAL) கோப்புகளின் சேமிப்பும் வேண்டும். ஆர்க்கைவ் போகிற இடம் நிரம்பினால் வால் கோப்புகள் சர்வரிலேயே குவிந்து, டிஸ்க் நிறைந்து, டேட்டாபேஸ் நின்றுவிடும். அதற்கும் ஒரு அலாரம் வையுங்கள்.

வேலை நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். டிஸ்க், பேட்ச், தானியங்கி பேக்கப் எல்லாம் கிளவுடுக்காரர் பார்ப்பார். உங்கள் பில் கூட்டுத்தொகையை அவர் பார்க்க மாட்டார். முதலாளியிடம் வாதாட வேண்டாம். வருகிற சனிக்கிழமை ரீஸ்டோர் செய்துவிட்டு, எத்தனை நிமிடம் ஆனது என்று அவரிடம் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள், அந்த எண் மட்டும் போதும்.