இரண்டாவது வேலை எங்கே கிடைக்கும் என்று பாருங்கள், தம்பி

தம்பி, லண்டனில் ஒரு வேலை, மிடில்ஸ்பரோவில் ஒரு வேலை, இரண்டுக்கும் கடிதம் வந்துவிட்டது, லண்டன்காரர்கள் வருடத்துக்கு 7,000 பவுண்டு கூடுதலாகத் தருகிறார்கள், எங்கே போனால் காசு மிஞ்சும், குளிர் எப்படி இருக்கும், நம்ம ஊர் மளிகை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிடில்ஸ்பரோ என்ற பெயரைத் தமிழில் படித்தே பல வருடம் ஆகிறது. இந்த நாட்டில் நான் முதலில் பெட்டியை இறக்கி வைத்த ஊர் அது. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த 7,000த்தில் வருமான வரி 20 சதவீதமும் நேஷனல் இன்சூரன்ஸ் 8 சதவீதமும் போனால் கையில் 5,000 சொச்சம், மாதத்துக்கு 420 பவுண்டு. 2025ல் லண்டனில் சராசரி வாடகை மாதம் 2,200 பவுண்டுக்கு மேல், மிடில்ஸ்பரோ இருக்கிற வடகிழக்கில் எழுநூற்றுச் சொச்சம். ஆக மிடில்ஸ்பரோவில்தான் மிஞ்சும், சந்தேகமே இல்லை. வீட்டுக்கு உள்ளாட்சி வசூலிக்கும் கவுன்சில் வரி மட்டும் தலைகீழ். பக்கிங்ஹாம் அரண்மனை இருக்கிற வெஸ்ட்மின்ஸ்டரில் டி பிரிவு வீட்டுக்கு வருடம் ஆயிரம் பவுண்டை ஒட்டித்தான் வரும், மிடில்ஸ்பரோவில் அதே பிரிவுக்கு 2,000ஐத் தாண்டும். 1991ல் போட்ட வீட்டு மதிப்பை வைத்து இன்றும் வசூலிக்கிறார்கள். அதைப் பற்றித் தொடங்கினால் இன்றைக்கு முடிக்க மாட்டேன், விடுங்கள்.

இந்தக் கணக்கை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பி வருகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

2004 செப்டம்பரில் கோயம்புத்தூரிலிருந்து மேல்படிப்புக்கு வந்தேன். எங்கள் மாமா ஒருவர், உலகம் தெரிந்தவர் என்று குடும்பத்தில் பெயர், "மிடில்செக்ஸா, அது ஹீத்ரோ பக்கத்திலேயே இருக்கு, ஆட்டோ பிடிக்கிற தூரம்" என்று சொல்லிவிட்டார். நானும் மிடில்ஸ்பரோவும் மிடில்செக்ஸும் ஒன்று என்று நம்பி விமானம் ஏறினேன். ஹீத்ரோவில் விசாரித்தபோது அந்த அம்மா என் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. விக்டோரியாவிலிருந்து ராத்திரி பஸ், விடிய விடியப் பயணம். விடிகாலையில் இறங்கினால் தெருவில் ஆள் இல்லை, தூரத்தில் ரசாயனத் தொழிற்சாலையின் புகைபோக்கி ஒன்றின் உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் ஒரு வயதான வெள்ளைக்காரர். சிட்னி துறைமுகப் பாலத்தின் இரும்பில் பெரும்பகுதி இந்த ஊரிலிருந்து போனது என்று பார்த்த முதல் நாளே சொன்னார். உண்மைதான், டார்மன் லாங் செய்த பாலம் அது, 1932ல் திறந்தார்கள். 1801ல் 25 பேர் இருந்த இடம், 1901ல் 90,000 பேருக்கு மேல். இரும்பு வளர்த்த ஊர். அதைச் சொன்ன அந்த மனிதர் 1980களில் வேலை போனவர், அப்புறம் நிரந்தர வேலை என்று ஒன்றை அவர் பார்க்கவே இல்லை. என் அறை மின்சார மீட்டருக்குக் கடையில் போய் முன்பணம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஞாயிறு ராத்திரி காசு தீர்ந்தால் திங்கள் காலை வரை இருட்டு. மாதக் கடைசியில் பில் கட்டுகிறவனைவிட இப்படி முன்பணம் போடுகிற ஏழைக்கு அப்போது யூனிட் விலை அதிகம் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த மீட்டருக்குக் காசு ஏற்றும் கடையில்தான் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையைப் பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். மாணவனுக்கு வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. சனி ஞாயிறு என்னைக் கல்லாவில் நிறுத்தினார். ஒருநாள் வியாபாரம் அமோகமாக இருக்கிறதே என்றேன். "தம்பி, சுரண்டிற லாட்டரியும் மலிவு பியரும் உப்பிடி விக்குதெண்டால் ஊரில வேலை இல்லையெண்டு அர்த்தம். நீ படிச்சு முடிச்ச உடன வெளிக்கிடு" என்றார். நான் கேட்கவில்லை. 2006ல் அங்கேயே, பில்லிங்ஹாம் பக்கம் தொழிற்சாலைக் குழாய்களுக்கு வரைபடம் போடும் ஒரு சின்ன பைப்பிங் டிசைன் அலுவலகத்தில் சேர்ந்தேன். சம்பளம் பரவாயில்லை, வாடகை குறைவு, கையில் மிஞ்சியது. ஊருக்குப் பணம் அனுப்பினேன், கல்யாணம் செய்தேன். என்னைவிடப் புத்திசாலி யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2010 பிப்ரவரியில் பக்கத்து ஊரான ரெட்காரில் இரும்பாலையின் ஊதுலையை அணைத்து மூடி வைத்தார்கள். நான் அங்கே வேலை செய்யவில்லை, ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு வந்த வரைபட வேலையில் பாதி, அந்த ஆலையை நம்பிப் பிழைத்த கம்பெனிகளிடமிருந்து வந்தது. ஏப்ரலில் எங்களில் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போவது எங்கேயும் நடக்கும், தம்பி. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த நாளைப் பற்றி. நான் செய்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் தெருவுக்கு வந்திருந்தோம். அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும், அவையும் ஆட்குறைப்பில் இருந்தன.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் என் பெரியப்பா மகன். அவருக்கும் 2008 நெருக்கடியில் வேலை போனது. மூன்று மாதத்தில் வேறு வேலை. வீடு மாறவில்லை, பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறவில்லை, ஏறுகிற ரயில் பாதைகூட மாறவில்லை, இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கினார், அவ்வளவுதான். எனக்கு லீட்ஸில் ஒரு நேர்முகத் தேர்வு. காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மிடில்ஸ்பரோவில் நான் ஏறிய வண்டி தாமதம், மாறி ஏற வேண்டியது போய்விட்டது, இருபது நிமிடம் பிந்திப் போய் நின்றேன். எப்படியோ எடுத்துக்கொண்டார்கள். மனைவி அப்போதுதான் ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், அதை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு என் பின்னால் வந்தாள். அதை இன்றும் சொல்லிக் காட்டுவாள், நியாயம்தான்.

இதில் நான் தப்பித்ததற்குக் காரணம் என் திறமை இல்லை. படிப்பு முடிந்து நான் வாங்கியது ஹெச்.எஸ்.எம்.பி. என்ற திறமையாளர் விசா, அது எந்த முதலாளியோடும் கட்டிப் போடப்படவில்லை. உங்களுடையது ஸ்பான்சர் விசா. வேலை போனால் உள்துறை உங்கள் விசாவைச் சுருக்கி வழக்கமாக 60 நாள் தரும், அதற்குள் இன்னொரு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து இந்த விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 41,700 பவுண்டு, வேலைக்கு வேலை தனி அளவு வேறு. லண்டனுக்கும் அதே 41,700, மிடில்ஸ்பரோவுக்கும் அதே 41,700. 2024ல் பிரிட்டன் முழுக்க முழுநேர ஊழியரின் இடைநிலைச் சம்பளமே 37,430தான். லண்டனில் அந்தத் தொகையை எளிதாகத் தூக்கிக் கொடுப்பார்கள், வடகிழக்கில் ஒரு சின்னக் கம்பெனிக்கு அது மேலாளர் சம்பளம். உங்களை எடுக்கிற கம்பெனி கொடுக்கிறது, சந்தோஷம். அது கைவிட்டால் அடுத்த கதவு எங்கே இருக்கிறது? நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு இருந்த ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் யோசனையையும் 2025ல் அரசு வெளியிட்டிருக்கிறது. பத்து வருடம் ஒரே கம்பெனி உங்களைத் தாங்கும் என்று நம்புகிறீர்களா? ரெட்கார் ஊதுலையைத் தாய்லாந்துக் கம்பெனி வாங்கி 2012ல் மறுபடி பற்றவைத்தது, 2015ல் அதுவும் மூடி 2,200 பேர் வேலை போனது. 2022ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் 2012ல் நம்பித் திரும்பிப் போனவை.

அதற்காக எல்லோரும் லண்டனுக்கே ஓடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் உட்கார்ந்துகொண்டு "வடக்கே ஒண்ணும் இல்லை" என்று அடித்துப் பேசுகிற நம்ம ஆட்கள் பலர் லண்டன் ஓரத்து வாட்ஃபோர்டைத் தாண்டியதே இல்லை. இரண்டு வருட ஆன்சைட்டில் வருகிற ஐ.டி. தம்பிகள் இன்னொரு வகை, தேநீர் குடித்தாலும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு எந்த ஊரும் ஒன்றுதான், திரும்பப் போகிறவர்களுக்கு ரயில் நேரம் எதற்கு? டாக்டர்கள் தனி ஜாதி, ஆஸ்பத்திரி இல்லாத ஊர் உண்டா, எங்கேயும் பிழைப்பார்கள். அவர்கள் சொல்கிற யோசனையை நீங்கள் கேட்காதீர்கள்.

வடக்கு நகரங்களில் மக்கள் இல்லாமல் இல்லை, மூளை இல்லாமல் இல்லை. ஒரு நகரத்தில் இருக்கிறவன் அடுத்த நகரத்து வேலைக்குப் போய் வர வழி இல்லை, அதுதான் நோய். ஜெர்மனியில் மியூனிக், ஹாம்பர்க், ஃபிராங்ஃபர்ட் எல்லாம் தலைநகரத்தைவிடப் பணக்கார ஊர்கள். இங்கே பர்மிங்காம், மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற பெரிய நகரங்களின் உற்பத்தித்திறன் நாட்டுச் சராசரிக்கும் கீழே. 1986ல் பஸ்களைத் தனியாரிடம் திறந்துவிட்டார்கள், லண்டனை மட்டும் விட்டுவிட்டு. லண்டனில் ஒரே பஸ் கட்டணத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். நான் பில்லிங்ஹாமில் ஆறு மணிக்கு மேல் வேலை செய்தால் டாக்ஸிதான், அந்த நாள் சம்பளத்தில் ஒரு மணி நேரம் அதற்கே போகும். ரயில்? நீராவி எஞ்சின் ஓடிய முதல் பொது ரயில்பாதை 1825ல் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் நடுவே, எங்கள் வாசலில் போட்டது. அதே வட்டாரத்தில் நான் ஏறிய வண்டி பேசர் என்று ஒன்று, 1980களில் பஸ் உடம்பை எடுத்துச் சரக்கு வண்டி அடிச்சட்டத்தின் மேல் வைத்துச் செய்தது. வளைவில் கத்தும் பாருங்கள், பேச முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

லீட்ஸுக்கு வந்தால் விடிவு என்று நினைத்தேன். எட்டு லட்சம் பேர் இருக்கிற ஊருக்கு டிராம் இல்லை, மெட்ரோ இல்லை. டிராம் திட்டத்தை 2005ல் ரத்து செய்தார்கள், அப்புறம் வந்த டிராலிபஸ்ஸை 2016ல் ரத்து செய்தார்கள், ஹெச்.எஸ்.2 அதிவேக ரயிலின் லீட்ஸ் கிளையை 2021ல் வெட்டினார்கள். மான்செஸ்டர் கிளையை 2023 அக்டோபரில் ரிஷி சுனக் ரத்து செய்தார், அறிவித்த இடம் எது தெரியுமா? மான்செஸ்டரிலேயே, மாநாட்டு மண்டபமாக மாற்றிய பழைய ரயில் நிலையத்துக்குள் நின்றுகொண்டு. அன்று நான் லீட்ஸ் வண்டிக்காக மான்செஸ்டர் பிக்கடிலி நிலையத்தில் நின்றிருந்தேன், வண்டி வழக்கம்போல் தாமதம்.

2014லிருந்து எனக்கு வேலை மான்செஸ்டரில், வீடு லீட்ஸில். எழுபது கிலோமீட்டர் இருக்கும். நம்ம ஊர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு நிஜ மான்செஸ்டரில் பஞ்சாலைகள் எல்லாம் அடுக்குமாடி வீடுகளாக இருப்பதைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஊர் வளர்கிறது, அதைக் கண்ணால் பார்க்கிறேன். 1992லிருந்து டிராம் ஓடுகிறது, பஸ்களையும் 2023ல் தொடங்கி 2025 ஜனவரிக்குள் மொத்தமாகத் தங்கள் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 201 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்துவிட்டது. அதே டிராமில் ஏறிப் பக்கத்து ஏழை ஊரான ஓல்டமில் இறங்கினால் வேறு நாடு மாதிரி இருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் ஓல்டம்காரனுக்கு டிராம் இருக்கிறது, மிடில்ஸ்பரோக்காரனுக்கு அதுவும் இல்லை.

சரி, உங்கள் விஷயம். மிடில்ஸ்பரோ வேலை பிடித்திருந்தால் எடுங்கள், ஊர் மக்கள் நல்லவர்கள், என் பிள்ளை பிறந்தபோது பக்கத்து வீட்டு அம்மா ஒரு மாதம் சமைத்துக் கொடுத்தார். ஆனால் வீட்டை டார்லிங்டனில் பாருங்கள். அது பிரதான ரயில் பாதையில் இருக்கிறது, நியூகாஸிலும் யார்க்கும் அரை மணி நேரச் சுற்றில், லீட்ஸ் ஒரு மணி நேரத்துக்குள். வாடகை கொஞ்சம் கூடினாலும் அந்த 60 நாளில் நீங்கள் தேடக்கூடிய வட்டம் மூன்று மடங்காகிவிடும். இந்திய ஓட்டுநர் உரிமம் 12 மாதம்தான் செல்லும், வந்த மூன்றாம் மாதமே இங்கத்திய உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள், முதல் தடவை தோற்பீர்கள், எல்லோரும் தோற்போம்.

குளிர் குளிர்தான். கோட்டை ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். மளிகை எல்லா ஊரிலும் கிடைக்கும், எங்கள் அண்ணை கடையில் 2004லேயே முருங்கைக்காய் இருந்தது.

கடைசியாக, மிடில்ஸ்பரோ கடிதத்தில் வேலை இடம் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள். ஊருக்குள் என்றால் நான் மேலே சொன்னது பொருந்தும். ஊருக்கு வெளியே ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கிற வில்டன் என்று போட்டிருந்தால் வாசலில் ரயில் கிடையாது, ராத்திரி ஷிஃப்ட்டும் உண்டா என்று கம்பெனியிடம் கேளுங்கள், அப்படியென்றால் முதல் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே காருக்குப் பணம் வைத்திருக்க வேண்டும்.