கறுப்புத் திரையோடு நிற்கும் லப்டொப்: ஃபோமட் செய்ய விடாதீர்கள்

கேள்வி: நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வு செய்கிறேன், கொக்குவிலில் இருக்கிறேன். என்விடியா கிராபிக்ஸ் உள்ள பழைய லப்டொப்பில் உபுண்டு போட்டிருக்கிறேன். மக்களிடம் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் இருப்பதால் நிறுவும்போதே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்துவிட்டேன். போன கிழமை அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, பற்றரியும் தாங்காது. அன்றிலிருந்து கம்பனிச் சின்னம் வந்து மறைகிறது, பிறகு ஒரே கறுப்பு. கடவுச்சொல் கேட்கும் திரை வருவதேயில்லை. ஃபோமட் செய்து புதிதாகப் போடுவதுதான் வழி என்று கடையில் சொல்கிறார்கள். பதிவுகள் போய்விடுமா?

பதில்: ஃபோமட் வேண்டாம். நீங்கள் எழுதியதில் பதிவுகள் அழிந்ததற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. குறியாக்கம் செய்த கணினியில் கறுப்புத் திரை வந்தால், பெரும்பாலும் கணினி கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கேட்பது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் டிஸ்க்கில் பூட் என்றொரு சிறு பகுதி குறியாக்கம் இல்லாமல் இருக்கிறது. உபுண்டுவின் மையமான கேர்னலும், இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பும் அங்கேதான் இருக்கும். கடவுச்சொல்லைக் கேட்டு, லக்ஸ் என்ற டிஸ்க் குறியாக்கப் பூட்டைத் திறப்பது அந்தத் தொடக்கக் கோப்பின் வேலை. அப்டேட் புதிய கேர்னல் போடும்போது அந்தக் கோப்பைப் புதிதாகக் கட்டும், என்விடியா டிரைவரையும் அந்தக் கேர்னலுக்கு ஏற்றபடி தயாரிக்கும். கரண்ட் போனபோது இந்த இரண்டில் ஒன்று அரைகுறையாக நின்றிருக்க வேண்டும். இரண்டுமே திரும்பச் செய்யக்கூடிய வேலைகள். ஒலிப்பதிவுகள் குறியாக்கம் செய்த பகுதிக்குள்ளே பத்திரமாக இருக்கும்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. எச்டிஎம்ஐ வயரில் வெளி மொனிற்றர் எதுவும் இருந்தால் கழற்றிவிடுங்கள். கேள்வி அந்தப் பக்கம் போயிருக்கலாம். கணினியைப் போட்டு, கறுப்பான பிறகு ஒரு நிமிடம் பொறுங்கள். கப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதென்றால் கேர்னல் உயிரோடு இருக்கிறது. விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் கேர்னல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி மின்னினாலும், அசைவே இல்லையென்றாலும் நேரே கீழே சொல்லும் கிரப் மெனுக் கட்டத்துக்குப் போங்கள். பரிசோதித்த பிறகு கப்ஸ் லொக்கை அணைக்க மறக்காதீர்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: சரியான கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் தட்டிவிட்டு, டிஸ்க் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போன் டோச்சைத் திரையின் மேல் சாய்வாகப் பிடித்தும் பாருங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் திரையின் பின்னொளி மட்டும்தான் எரியவில்லை.

விளக்கு வேலை செய்தால் எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்துங்கள். அலங்காரத் திரை விலகி எழுத்துகள் வரக்கூடும். வராவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு தட்டுவதுபோல் கடவுச்சொல்லை ஆறுதலாகத் தட்டி என்டர் கொடுங்கள். பூட்டைத் திறக்கச் சில விநாடிகள் எடுக்கும். கடவுச்சொல்லை ஊகித்துத் தேடுபவரைத் தாமதப்படுத்தவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இன்னொன்று: அந்த நேரத்தில் நீங்கள் வழக்கமாகப் பாவிக்கும் தமிழ் விசைப்பலகை அமைப்பு பெரும்பாலும் இயங்காது, ஆங்கில அமைப்புத்தான் இருக்கும். பிழையாகத் தட்டினால் டிஸ்க் அழிந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. எத்தனை தரம் பிழைத்தாலும் லக்ஸ் எதையும் அழிக்காது.

இது சரிவராவிட்டால், எந்தக் கேர்னலோடு தொடங்குவது என்று தெரிவுசெய்யும் கிரப் மெனுவுக்குப் போங்கள். கம்பனிச் சின்னம் மறையும் தருணத்தில் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். மிகப் பழைய கணினியென்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். பலமுறை தட்டினால் கிரப்பின் கட்டளைக் கோடு வந்து நிற்கும், அப்படியானால் அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். மெனுவில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்பதற்குள் பழைய கேர்னல் ஒன்று காத்திருக்கும். உபுண்டு புதியதைப் போடும்போது முந்தியதை உடனே எறிந்துவிடுவதில்லை. உங்கள் நிலைமையில் நான் அதிகம் நம்புவது இந்தப் பழைய கேர்னலைத்தான்.

அதுவும் கறுப்பாகவே வந்தால், மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று ஆங்கில ஈ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிப் பக்கம் குவைட், ஸ்பிளாஷ் என்ற இரு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு நோமோட்செட் (nomodeset) என்று ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், இடைவெளியில்லாமல் தட்டி எஃப்10 அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவரின் வேலையை ஒதுக்கி, எளிய திரையோடு தொடங்கு என்று கேர்னலுக்குச் சொல்கிறோம். வெள்ளை எழுத்துகள் ஓடி, டிஸ்க்கைத் திறக்கச் சொல்லும் வரி வந்து நிற்கும். தட்டும்போது எதுவும் தெரியாமல் இருக்கலாம், தட்டி முடியுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், எதையும் கெடுக்காது.

எப்படியோ உள்ளே போய்விட்டீர்கள் என்றால் வேறு எதையும் தொடமுன் ஒலிப்பதிவுகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அந்த வெளி டிஸ்க்கும் குறியாக்கம் செய்ததாக இருக்கட்டும். உங்களை நம்பிக் கதைத்தவர்களின் குரல் அது. பிறகு பூட் பகுதியில் இடம் இருக்கிறதா பாருங்கள். அது நிரம்பினாலும் தொடக்கக் கோப்பு முழுதாகக் கட்டப்படாது. தேவையற்ற பழைய கேர்னல்களை நீக்கினால் இடம் வரும், ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் விட்டுவையுங்கள். அடுத்ததாக, பாதியில் நின்ற அப்டேட்டை, மென்பொருள்களை நிறுவும் கருவியான டிபிகேஜியின் கொன்ஃபிகர் கட்டளையால் முடித்து, தொடக்கக் கோப்பைத் திரும்பக் கட்டி, கூடுதல் டிரைவர்கள் பகுதியில் என்விடியா டிரைவரை மீண்டும் நிறுவுங்கள்.

எந்தக் கேர்னலும் எழும்பவில்லையா? உபுண்டு பென் டிரைவில் தொடங்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தெரிவுசெய்யுங்கள். கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் பூட்டிய டிஸ்க் தெரியும். சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும். திறந்தவுடன் பிரதி எடுங்கள். அங்கிருந்தே, டிஸ்க்கிலுள்ள உபுண்டுவுக்குள் நுழைய உதவும் குரூட் கட்டளை மூலம் தொடக்கக் கோப்பைக் கட்டவும் முடியும். அப்படிச் செய்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பகுதியைத் திறக்கும்போது வைக்கும் பெயர், குறியாக்கப் பகுதிகளைப் பட்டியலிடும், உங்கள் கணினியின் கிரிப்ட்டாப் கோப்பிலுள்ள பெயராகவே இருக்க வேண்டும். வேறு பெயரில் திறந்து கட்டினால், பூட்டைத் திறக்கும் விவரம் இல்லாத கோப்பு உருவாகி மீண்டும் கறுப்புத் திரையில் வந்து நிற்பீர்கள்.

கணினி சரிவந்த அன்றே, குறியாக்கம் செய்த பகுதியின் தொடக்கத்திலுள்ள லக்ஸ் தலைப்பையும் பிரதி எடுங்கள். டிஸ்க்கின் உண்மையான திறவுகோல், உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு அங்கேதான் இருக்கிறது. லக்ஸ் இரண்டாம் பதிப்பில் அது வழக்கமாக 16 எம்பிதான். அது சிதைந்தால் சரியான கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை. லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்டப்பில் இதற்கென்றே லக்ஸ் ஹெடர் பெக்கப் என்ற கட்டளை உண்டு. அந்தக் கோப்பை அதே கணினியில் வைக்காதீர்கள்.

தாங்காத பற்றரியை மாற்றும் வரை யூபிஎஸ் இல்லாமல் அப்டேட் போட வேண்டாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய யூபிஎஸ் என்றால் அதன் பற்றரியும் இப்போது தளர்ந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் நில்லுங்கள். டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டினால், இதைப் பாவிக்க முன் ஃபோமட் செய்ய வேண்டும் என்று அது சிலவேளை கேட்கும். குறியாக்கம் செய்த பகுதியை விண்டோஸால் வாசிக்க முடியாததால் வரும் கேள்வி அது. இல்லை என்பதை அழுத்தச் சொல்லுங்கள்.