முகத்தில் குடியிருப்பவை

கேள்வி: முகத்தில் பூச்சி வாழ்கிறதென்று படித்துவிட்டு, மகள் நாளுக்கு ஐந்து தரம் சவர்க்காரம் போடுகிறாள். தோல் வெடித்துவிட்டது. உண்மையா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: உண்மைதான் அம்மா. டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி, 0.3 மில்லிமீற்றர் அளவு, மயிர்க்கால்களுக்குள் இருக்கும். வளர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. அளவுமீறிப் பெருகினால்தான் இமையோரம் அரிக்கும், முகம் சிவக்கும். சவர்க்காரம் தோலைக் காக்கும் எண்ணெய்ப்பசையைத்தான் கழுவிவிடுகிறது. இரண்டு தரம் போதுமென்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

நான் பயப்படுவது சொறிச்சிரங்கு உண்ணிக்குத்தான். 2009இல் முகாமில் ஒரே கூடாரத்தில் எட்டுப் பேர் படுத்தோம். இரவானால் விரலிடுக்கெல்லாம் அரிப்பு, ஒருவருக்கும் நித்திரை இல்லை. ஒருவர் மட்டும் மருந்து பூசினால் மற்றவரிடமிருந்து திரும்பத் தொற்றும். அரிப்பு இல்லாதவரும் சேர்த்து, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். அன்றைக்கே உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் தோய்த்துவிடுங்கள்.