படகு வராத நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள லூயிஸ், ஹாரிஸ், பாரா தீவுகளை விமானமே ஏறாமல், பேருந்திலும் படகிலுமாக 12 நாட்கள் சுற்றிவிட்டு வந்தேன். லூயிஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் மூடிக்கிடந்ததால், வீணாயிற்று. ஆனால் பாராவில் பலத்த காற்றினால் இரண்டு நாட்கள் படகு ஓடாததே பயணத்தின் உச்சம். இந்த மக்களுக்கு அவசரமே இல்லை. அடுத்த ஆண்டு ஷெட்லாந்துக்குப் போகலாமா, ஃபேரோ தீவுகளுக்குப் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயணக் கேள்விகளுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. பாராவில் படகு நின்றுபோன இரண்டு நாட்கள் எனக்கும் ஒருமுறை வாய்த்தன. அவற்றைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிறு வீணானதற்கு நீங்கள்தான் பொறுப்பு. லூயிஸின் துறைமுக ஊரான ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறன்று படகு ஓடத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான். கடைகள் மூடியிருக்கும் ஊரில் தேவாலயம் திறந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? ஒருவர் பைபிளின் சங்கீதப் பாடலொன்றின் ஒரு வரியை அந்தத் தீவுகளின் கேலிக் மொழியில் எடுத்துக்கொடுக்க, சபை முழுவதும் இசைக்கருவி எதுவுமின்றி, ஆளுக்கொரு நெளிவும் இழைவுமாக அதைத் தொடர்ந்து பாடுவதைக் கேட்காமல் வந்திருக்கிறீர்கள். போகட்டும்.

‘அவசரமே இல்லை’ என்று எழுதினீர்களே, அதை மட்டும் விட மாட்டேன். பாராவின் துறைமுக ஊரான காசில்பேயில் நான் தங்கியிருந்த அறையின் சன்னலில், விரிகுடாவின் நடுவே பாறைமேல் நிற்கும் கிஸிமுல் கோட்டை தெரியும். முதல் நாள் படகு இல்லை என்றதும் மகிழ்ந்துபோய், ‘இங்கே காலம் நின்றுவிட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். இப்போது அதைப் படித்தால் கூசுகிறது. மறுநாள் காலை படகுத்துறையில் ஒரு மூதாட்டி, கைப்பெட்டியைக் கீழே வைக்காமலே, அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கணவருக்கு அன்று கிளாஸ்கோவில் அறுவை சிகிச்சை. பாராவின் விமான ஓடுதளம் வெறும் கடற்கரை மணல். நீர் வற்றும் நேரத்தை அனுசரித்துத்தான் அங்கே கால அட்டவணையே போடுகிறார்கள். அன்றைய காற்றில் அந்த வழியும் இல்லை. “பாவம், நீங்கள் எங்கே போக வேண்டும்?” என்று அவர் என்னைக் கேட்டார். எங்கும் போக வேண்டியதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எதிர்க்கரைத் துறைமுகமான ஓபான் என்று பொய் சொன்னேன்.

அதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த வடக்கு யூயிஸ்டுக்கு மேற்கே சுமார் 64 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செயின்ட் கில்டாவில், கடற்பறவைகளையே பெரிதும் நம்பி ஒரு சிறு சமூகம் வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோடைதோறும் நீராவிக் கப்பல்களில் பயணிகள் வந்தார்கள். வேடிக்கை பார்த்துவிட்டு, கம்பளித் துணியும் பறவை முட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கப்பல் கிடையாது. அப்போது ஏதேனும் செய்தி அனுப்ப வேண்டுமானால், ஒரு மரக்கட்டையைப் படகுபோலக் குடைந்து, கடிதத்தை உள்ளே வைத்து, மிதவையாக ஆட்டின் சிறுநீர்ப்பையைக் கட்டி, காற்று தோதாக வீசும் நாளில் கடலில் விடுவார்கள். சில கட்டைகள் ஸ்காட்லாந்தில் கரையொதுங்கின; சில நார்வே வரை போய்விட்டன. அவசரமில்லாதவர்களா அதைச் செதுக்கினார்கள்? இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறியும், மருத்துவ உதவி எட்டாமலும் நலிந்த பிறகு, மிஞ்சிய 36 பேரும் தாங்களே அரசுக்கு விண்ணப்பித்து, 1930 ஆகஸ்ட் 29 அன்று தீவைக் காலிசெய்தார்கள்.

படகு வராத நாளை நீங்கள் ரசித்ததில் தவறில்லை, நானும் ரசித்தவன்தான். ஆனால் உங்களுக்குத் திரும்பிப்போக ஒரு பயணச்சீட்டும், விடுப்பில் மிச்சமாக இரண்டு நாட்களும் இருந்தன. பக்கத்தில் நின்றவருக்கு அவை இருந்தனவா என்று பார்க்காமல், அவருடைய பொறுமைக்கு நிதானம் என்று பெயர் சூட்டிவிட்டீர்கள்.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன். ஃபேரோவில் நீங்கள் தேடும் தாமதம் அவ்வளவாகக் கிடைக்காது. முக்கியமான தீவுகளைக் கடலுக்கடியில் சுரங்கச் சாலை போட்டு இணைத்துவிட்டார்கள், 2020இல் திறந்த ஒன்றில் கடலடியிலேயே ஒரு ரவுண்டானாவும் இருக்கிறது. ஷெட்லாந்துக்குப் போங்கள். அபர்டீனில் மாலையில் கப்பலேறினால் மறுநாள் காலையில் லெர்விக். போன தடவை போலவே கார் இல்லாமல் போங்கள். கோடையில் வெளியூர்க் கார்கள் வாகனத் தளத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளூர்க்காரருக்கு இடம் கிடைப்பதில்லை என்ற புலம்பல் ஸ்காட்லாந்துத் தீவுகளில் பழையது.