ஒரே உண்டியலில் மைல் சேருங்கள்: வடசென்னை வாசகர் கேள்வி-பதில்

மாதம் ஒருமுறை சிங்கப்பூர் போய்ச் சரக்கு எடுத்து வருகிறேன். நான்கு விமான நிறுவனங்களின் மைல் திட்டங்களில் (பறக்கப் பறக்கப் புள்ளி சேர்ந்து, பின்னால் இலவச டிக்கெட்டாக மாறுவது) மெம்பர். எதிலும் மைல் உருப்படியாகச் சேரவில்லை. எதை வைத்துக்கொள்வது? (மண்ணடி வியாபாரி)

நாலு உண்டியலில் போட்டால் ஒன்றும் நிறையாது. கடந்த ஒரு வருட டிக்கெட்டுகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இண்டிகோ என்றால் அவர்களுடைய புளூசிப் திட்டம் போதும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் அவர்களுடைய கிரிஸ்ஃபிளையர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் ஏர் இந்தியாவும் 2014 முதல் இருப்பதால், அதில் பறந்தாலும் கிரிஸ்ஃபிளையர் எண்ணையே கொடுக்கலாம்.

உங்களுக்கு இலவச டிக்கெட்டைவிட லக்கேஜ்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். கிரிஸ்ஃபிளையரில் கோல்டு தகுதி வந்தால் ஸ்டார் அலையன்ஸ் விமானங்களில் கூடுதலாக 20 கிலோ வரை கொண்டுவரலாம். ஆனால் அதற்கு 12 மாதத்தில் 50,000 எலீட் மைல் (தகுதிக்காகத் தனியாக எண்ணப்படும் மைல்) வேண்டும். சென்னை-சிங்கப்பூர் ஒரு வழி ஏறக்குறைய 1,800 மைல். மாதம் ஒரு முறை போய் வந்தாலும் வருடத்துக்கு 43,000 சொச்சம்தான். அதிலும் மலிவு டிக்கெட்டுக்குப் பறந்த தூரம் முழுதும் கணக்கில் ஏறாது. ஆக, கோல்டு ஆசையில் ஒவ்வொரு முறையும் டிக்கெட்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் அதிகம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு எக்ஸ்ட்ரா லக்கேஜை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடலாம்.

கப்பலில் வேலை. டிக்கெட்டை கம்பெனி போடுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு விமானம். எனக்கு மைல் கிடைக்குமா? (ராயபுரம்)

கிடைக்கும். பணம் யார் கட்டினாலும் மைல் பயணிக்குத்தான். உங்களைப் போன்றவர்கள் ஒரு நிறுவனத்தைப் பார்க்காமல் கூட்டணியைப் பார்க்க வேண்டும். ஸ்டார் அலையன்ஸில் உள்ள ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஒரு கணக்கு: லுஃப்தான்சா, தாய், சிங்கப்பூர், ஏர் இந்தியா எல்லாம் அதில் அடங்கும். ஒன்வேர்ல்ட் என்ற இன்னொரு கூட்டணியிலும் அப்படியே ஒன்று: கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், மலேசியா, ஸ்ரீலங்கன். எமிரேட்ஸ் இரண்டிலும் இல்லை, அதற்குத் தனிக் கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. டிக்கெட்டில் புக்கிங் கிளாஸ் என்று ஒரு எழுத்து இருக்கும். சில எழுத்துகளுக்குக் கூட்டணிக் கணக்கில் மைல் மிகக் குறைவு, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஏஜென்ட்டிடம் அந்த எழுத்தைக் கேட்டுக்கொண்டு, நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். அப்புறம் காலாவதி. கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு 36 மாதம்தான் ஆயுள். ஒன்பது மாதம் கடலில் இருந்துவிட்டு வருபவருக்கு அது சட்டென்று ஓடிவிடும்.

பறந்த பிறகும் மைல் ஏறவில்லை. பெயர் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். (தண்டையார்பேட்டை)

நம் இனிஷியல் செய்யும் வேலை இது. மெம்பர்ஷிப்பில் இனிஷியல் மட்டும் போட்டிருப்பீர்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். கணக்கில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து, மாற்றச் சொல்லிப் பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள். விட்டுப்போன மைலைக் கேட்க கெடு உண்டு, அதனால் இன்றே எழுதுங்கள். மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடக் கூடாது.

நானும் கணவரும் வருடம் ஒரு தடவை மகளைப் பார்க்க துபாய் போகிறோம். இரண்டு பேர் மைலையும் ஒன்றாக்க முடியுமா? (திருவொற்றியூர்)

எமிரேட்ஸின் மைல் திட்டமான ஸ்கைவார்ட்ஸில் குடும்பக் கணக்கு உண்டு, உங்கள் மகளும் சேரலாம். தனித்தனியாகக் கிடந்து காலாவதியாவதைவிட அது எவ்வளவோ மேல். மைலில் டிக்கெட் எடுத்தாலும் வரியும் கட்டணமும் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

மைல் தரும் கிரெடிட் கார்டு வாங்கலாமா? விமான நிலையத்துக்கு இலவச கார்கூட உண்டாம். (விம்கோ நகர்)

மாதாமாதம் பில்லை முழுதாகக் கட்டுபவர் என்றால் வாங்கலாம். ஒரு மாதம் பாக்கி வைத்தாலே வட்டி அந்த மைலை எல்லாம் தின்றுவிடும். காருக்காக ஆண்டுக் கட்டணம் கட்டவே வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது.